பின்னணிப் படம்

"அடுத்தவங்க எடுத்த போட்டோவத் தூக்கி நம்ம பக்கத்துல ஒட்டுறது திருட்டு ஜானட்! தெரியும் இல்ல?"

டீக்கடைப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருகிற ஸ்டானிஸ்லாஸா இதைச் சொல்வது? ஜானட் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் புருஷனை ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

ராயபுரத்தில் அவர்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு ஆரம்பித்த விவகாரம் இது. ஜானட்டுக்கு ஒரு வருடமாக ஒரு விளையாட்டுப் பித்து. யாராவது ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் கணக்கை எண்களாக இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வருவார்கள். இதுவரை அடுத்தவர்கள் டப்பாவைத் தேடி அலைந்தவள், முதல் தடவையாகத் தானே ஒன்றை எண்ணூரில் ஒளித்துவைத்திருக்கிறாள். அதற்கான இணையப் பக்கத்தை, விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மூன்று வாரமாக உட்கார்ந்து எழுதிவிட்டாள். எழுத்துக்குப் பின்னால் விரியப்போகும் படம் மட்டும்தான் பாக்கி.

அதுவும் கிடைத்துவிட்டது. விடிகாலை எண்ணூர் முகத்துவாரம். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். ரோஜா நிறத்தில் தண்ணீர். கரையில் ஒரு கல்லின் மேல் யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் இன்னாத்துக்குத் திருடுறேன்? எடுத்தவரு பேரு வேம்பு. மெயில் போட்டுக் கேட்டேன். கீழ என் பேரப் போட்டுட்டு தாராளமா வெச்சிக்கோங்கன்னு எழுதிக்கிறாரு. தோ பாரு."

ஸ்டானிஸ்லாஸ் பார்த்தான். எழுதித்தான் இருந்தது.

"சரி, பர்மிசன் கீதுன்னே வெச்சிக்குவோம். இம்மாம் கலர் மேல எழுத்து எப்டித் தெரியும்? மூணை எட்டுன்னு படிச்சிட்டு எவனாவது தண்ணில போய் வுழுந்தான்னா?"

ஜானட் இரண்டு தட்டுத் தட்டினாள். படம் பலமுறை துவைத்த சேலை மாதிரி வெளுத்தது. அதன் மேல் எழுத்துகள் பளிச்சென்று நின்றன.

"இப்போ?"

ஸ்டானிஸ்லாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். துறைமுகத்தில் முப்பது டன் கண்டெய்னரை முட்டை மாதிரி இறக்கிவைக்கிற கிரேன் ஆபரேட்டர் அவன். இந்த ஒரு படத்தை அவனால் அசைக்க முடியவில்லை.

"வெய்ட்டு! படம் எவ்ளோ வெய்ட்டுன்னு பாத்தியா? வெயில்ல நின்னுகினு, டவர் கெடைக்காம, போன்ல இத்தத் தெறக்கிறவன் பேஜாராயிட மாட்டான்?"

"சுருக்கிட்டேன்யா. டெய்லி காலைல நீ எல்லாருக்கும் அனுப்புறியே குட்மார்னிங் பூவு, அத்த வுட இது சின்னது."

"டப்பா எங்க கீதுன்னு படமே காட்டிக் குடுத்துடுமே!"

"டப்பா அங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி கீது."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது. இவ்வளவு ஆசையாக ஒரு காரியம் செய்கிறவளை இப்படிக் குறுக்கே நின்று மறிக்கிறோமே என்று தோன்றியது. ஆனாலும் விட முடியாது. அப்போதுதான் அவனுக்குப் பிடி கிடைத்தது.

"அந்த ஆளு! கல்லு மேல குந்திகினு கீறானே, அவன்கிட்ட கேட்டியா? எடுத்தவன் சம்மதிச்சா போதுமா? படத்துல கீறவன் சம்மதிக்க வேணாம்?"

"மூஞ்சியே தெரியலியேய்யா."

"மூஞ்சி தெரியாட்டி அவன் மனுசன் இல்லியா? அவனுக்கும் ஒரு குடும்பம் கீது, மானம் மருவாதி கீது. உலகமே பாக்கிற எடத்துல, அவனக் கேக்காம அவன் முதுகப் போட்டா நாயமா? ஒரு பொறுப்பு வேணாமா?"

ஜானட்டின் விரல்கள் நின்றன.

"நீ சொல்றது கரீட்டுதான்யா. அவனயும் கேக்கணும்."

ஸ்டானிஸ்லாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலில் கருணை பொங்கியது.

"எண்ணூர்ல தூண்டில் போடறவன் ஆயிரம் பேரு. இவன எங்கன்னு போய்த் தேடுவ? வுட்டுத் தள்ளு. நானே வேற படம் எடுத்துத் தரேன். சும்மா கடல் மட்டும், ஆள் தொந்தரவே இல்லாம. கெளம்பு, இப்பவே போலாம்."

ஜானட் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. 'இந்தப் படத்தில் இருப்பது நான்தான். இதை வெளியிட எனக்கு முழுச் சம்மதம்' என்று இரண்டே வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"பலே! எல்லாம் ரெடியாத்தான் வெச்சிக்கிற. ஆனா ஆளு வேணுமே?"

ஜானட் பேனாவின் மூடியைக் கழற்றி, அவன் விரல்களுக்கு நடுவில் செருகினாள்.

"பதினோரு வருசமா பைக்ல பின்னாடி குந்திகினு நான் பாக்கிற முதுகுய்யா இது. எடுத்த தேதிய வேம்பு எழுதிக்கிறாரு. என் தங்கச்சி நிச்சயதார்த்தத்தன்னிக்கு, டபுள் ஷிப்ட்டு, வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போச்சே, அதே முதுகு. போடு கையெழுத்த."