பஸ் நிக்காது

மேட்டூரிலிருந்து மதுரை போகும் பஸ், மதியச் சாப்பாட்டுக்காக நாமக்கல் அருகே ஒரு ஹோட்டல் வாசலில் நின்றது. ஊசிப்போன சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் சௌந்திரம் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

"புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூரைக்கடை இருக்குதுங்க. வாரவங்க வாங்க, அங்க போயிச் சாப்பிடலாம்!" என்று மற்ற பயணிகளைக் கூப்பிட்டாள்.

கண்டக்டர் குறுக்கே வந்தார். "எல்லாரும் இங்கதான் சாப்பிடோணும். வெளிய போனா பஸ் நிக்காது, ஆமா!"

"போங்க, பாக்கலாம்!"

அவள் விடுவிடுவென்று நடந்தாள். பாதிப் பேர் பின்னால் கிளம்பிவிட்டார்கள்.

"ஏனுங்கக்கா, நெசமாலுமே உட்டுட்டுப் போயிட்டா?" கைக்குழந்தையோடு வந்தவள் பயந்தாள். "அந்தக் கடைச் சோறு நல்லாருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டுக்கும் பதில் அங்க இருக்குது. வா சாமி."

கூரைக்கடை பெஞ்சில் ஒருவர் தலை நிமிராமல் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவர்கள் வந்த பஸ்ஸின் டிரைவர்.

"பஸ்ஸைக் கொண்டாந்து நிறுத்துறதுக்கு அந்த ஹோட்டல்ல இவருக்கு ஓசிச் சாப்பாடு. அதை உட்டுப்போட்டு இங்க வந்து காசு குடுத்துத் திங்கறாரு."

தூரத்தில் கண்டக்டரின் விசில் கேட்டது.

"ஊதட்டும்," என்று சௌந்திரம் டிரைவருக்கு எதிரே உட்கார்ந்து இலையை விரித்தாள். "இவரு கை கழுவற வரைக்கும் பஸ் நிக்கும்!"