மாஸ்டர் வீட்டுச் சிவப்பு வண்டி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், டிரைவிங் மாஸ்டர் தம் வீட்டுச் சிவப்பு வண்டிக்கு டயர் மாற்றத் திருவுளம் கொண்டுவிட்டார்.

டயர்க்கடை முதலாளி எழுந்து நின்றார். எழாதவர்களுக்கு மாஸ்டர் ஒருமுறை இருமி அவகாசம் கொடுப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

மாஸ்டரின் மனைவி சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளை அழைத்து வந்ததே திரும்பும் வழியில் காய்கறி வாங்கத்தான்.

மகளுடைய கார் அது. ஆள் குட்டி, ஆனால் மிதித்தால் சீறும். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் மகள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். மாஸ்டர் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். நாற்பதைத் தாண்ட மாட்டார். சைக்கிள்காரர்களுக்குப் பெருந்தன்மையோடு வழிவிடுவார். மற்ற நாட்களில் அவர் தம் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஊரார் பிள்ளைகளுக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுக்க, சிவப்பு வண்டி உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் தூங்கும்.

தூங்குவதாகத்தான் மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"கெட்டி ரப்பரா நாலு போடுங்க. என் காலத்துக்கும் உழைக்கணும். பிடிமானம் கிடிமானம்னு சொல்லி விலையை ஏத்தாதீங்க."

கெட்டி ரப்பர் போட்டால் என்ன ஆகும் என்று மனைவிக்குத் தெரியும். நீர்த்தேக்கத்துக்கு ஏறும் சாலையில் மூன்றாவது வளைவு. அங்கே வண்டி பிடி கிடைக்காமல் மூக்கை வெளியே தள்ளும். அதோடு அவளுடைய வியாழக்கிழமைகள் முடிந்துபோகும்.

வியாழக்கிழமை மாஸ்டர் சாலை விதிகள் பற்றி வகுப்பு எடுக்கும் நாள். ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டார்.

முதலாளி குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாஸ்டர், சும்மா சொல்லக்கூடாது! நடு ரப்பர் அப்படியே இருக்கு, வெளியோரம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. வளைவுல இப்படியா வண்டியை விரட்டுவீங்க? பூனை மாதிரி இருந்துக்கிட்டு!"

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். விலை கூடின டயரைத் தள்ளிவிட அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியாது. காத்திருந்த இரண்டு பேர் மாஸ்டரைப் புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் வண்டியின் நிறத்துக்கு மாறினார். நிதானத்துக்குப் பேர்போன ஸ்கூல். மானம் போகிற பேச்சு.

அலைன்மென்ட் கோளாறு என்றார். அது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. மகள் அந்தக் காலத்தில் ஓட்டிய லட்சணம் என்றார். டயர் அவள் போன பிறகு மாற்றியது. கடைசியில், எதிர்த்த ஸ்கூல்காரனின் சதியாக இருக்கும் என்றார்.

எதிர்த்த ஸ்கூல்காரன் என்பவன் மாஸ்டரிடமே வண்டி கற்று, மாஸ்டர் ஸ்கூலுக்கு நேர் எதிரே போர்டு மாட்டியவன். வீட்டில் குழாய் ஒழுகினாலும் மாஸ்டர் முதலில் அவனைத்தான் சந்தேகிப்பார். அந்தப் பக்கம் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

மனைவி வலது பாதத்தை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

கெட்டி டயர்கள் உள்ளேயிருந்து உருண்டு வந்தன. ஒன்று, இரண்டு. மூன்றாவது வருவதற்குள் அவள் பாதத்தை வெளியே எடுத்து எழுந்து நின்றாள்.

"அது வேண்டாம். வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகுமே, அந்த மெது ரப்பரைப் போடுங்க."

மாஸ்டர் சிரித்தார். முதலாளி பக்கம் திரும்பி, சபைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"கல்யாணமான புதுசுல இவளுக்கு ஒரு வாரம் சொல்லிக்குடுத்தேன். பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியல. உனக்கு வராதும்மான்னு இறக்கிவிட்டுட்டேன். அம்மா இப்ப டயர் செலக்ட் பண்றாங்க!"

வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் விடாமல் கேட்ட கதை அது. ஒவ்வொரு முறையும் அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இந்த முறை சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"போடுங்க," என்றாள்.

முதலாளி ஒரு கணம் மாஸ்டரைப் பார்த்தார், ஒரு கணம் விலைப்பட்டியலைப் பார்த்தார். மெது ரப்பரைப் போட்டார்.

வேலை முடிந்ததும் சாவிக்கு அவள்தான் கை நீட்டினாள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. வாய் ஓயாமல் ரப்பரின் குணங்களை விளக்கியபடி, முப்பது வருஷப் பழக்கத்தில், தானாகவே பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஸ்கூல் வண்டியில் அந்த இருக்கைக்குக் கீழே மாஸ்டருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு.

இந்த வண்டியில் இல்லை.

புது டயர் என்பதால் அவள் மெதுவாகத்தான் போனாள். அறுபது. இல்லாத பிரேக்கை மாஸ்டர் காய்கறிக் கடை வரை மிதித்துக்கொண்டே வந்தார். காய்கறிக் கடையை அவள் தாண்டிப் போய்விட்டாள்.

மாஸ்டர் குற்றம் தேடினார். கண்ணாடி பார்க்கிறாளா? பார்த்தாள். இண்டிகேட்டர்? போட்டாள். நீர்த்தேக்கச் சாலையில் முதல் வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்தாள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று.

இரண்டாவது வளைவு. மூன்றாவது.

சொல்வதற்கு மாஸ்டருக்கு ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு ஆறுதல் கிடைத்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன இருந்தாலும் நான் போட்ட அஸ்திவாரம், பாத்தியா?"

"எதிர்த்த ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்," என்றாள்.