மேசைவிரிப்பு

"இந்த வீடு மட்டும் வேணாங்க," என்று வாசலிலேயே கிசுகிசுத்தாள் மனைவி.

"சும்மா வா. லீவுக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட இதைவிட நல்ல வீடு அமையாது," என்றான் கணவன்.

உள்ளே போனதும் வீட்டுக்காரம்மாவிடம், "நல்லா ஓடிட்டிருக்கிற வீட்டை ஏம்மா விக்கிறீங்க?" என்று கேட்டான்.

அவர் மேசைவிரிப்பை விலக்கினார். பலகையில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு கருகிக் கிடந்தது.

"எங்க அண்ணன் செஞ்சு கொடுத்த மேசை. தங்க வந்த யாரோ சுட்டுட்டு, துணியைப் போட்டு மூடிட்டுக் கமுக்கமா போயிட்டாங்க. சாவி வாசல் பெட்டியில இருக்கும், யார் முகத்தையும் நான் பார்க்கிறதில்ல. 'மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். இந்தத் தொழிலே வெறுத்துப்போச்சு."

"சே, என்ன ஜென்மங்களோ!" என்று கணவன் பொங்கினான். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்ரூம் கொஞ்சம் இருட்டா இருக்கும், பாருங்க," என்றார் வீட்டுக்காரம்மா.

கணவன் முன்னால் போய், கதவுக்குப் பின்னாலிருந்த அலமாரியின் இடுக்கில் கையை விட்டு விளக்கைப் போட்டான்.

வீட்டுக்காரம்மா மேசையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"முதல் தடவை வர்றவங்க எல்லாரும் அந்த சுவிட்ச் எங்கேன்னு எனக்கு போன் பண்ணித்தான் கேப்பாங்க, தம்பி."

போட்ட விளக்கை அணைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.