வராத போன்

"ஒரு போன் பண்ணினா ஆர்லனுக்கு விரலா தேஞ்சு போகும்?"

கட்சியின் உள்ளூர்த் தலைவி வெர்னா பொரிந்து தள்ளினாள்.

மார்லிஸ் தன் போனை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் அவர்கள் தொகுதிக்குக் கட்சி வேட்பாளர் யார் என்பதற்குச் செவ்வாயன்று உட்கட்சித் தேர்தல் நடந்தது. மார்லிஸ் ஜெயித்தாள், ஆர்லன் தோற்றான். தோற்றவர் அன்றைக்கே கூப்பிட்டு வாழ்த்துவதுதான் வழக்கம். இன்றைக்கு வெள்ளி.

பேப்பர் மில் தெரு மொத்தமும் ஆர்லன் பக்கம். அந்த ஓட்டு இல்லாவிட்டால் நவம்பர் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிதான் ஜெயிக்கும். அதைவிட, கூடவே வளர்ந்த சிநேகிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டானே என்பதுதான் அவளை அரித்தது.

"இன்னும் கேளு. வீட்டு வாசல்ல நடறதுக்குக் கட்சி ஆபீஸ் பின்னாடி அடுக்கியிருந்த உன் பேர் போட்ட பிரசார அட்டைங்கள்ல பாதியைக் காணோம். ஆர்லன் வண்டியில ஏத்தினதை பேக்கரிக்காரி பாத்திருக்கா."

"திருடற அளவுக்கா போயிட்டான்?"

மார்லிஸுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று காரை எடுத்தாள்.

மில் தெருவில் ஆர்லனின் வண்டி நின்றது. கிழவர் ஹால்வர் வாசலில் நின்று அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"உனக்குன்னா ஓட்டு போடுவேன். அவளுக்கெல்லாம் என்னால வரிசையில நிக்க முடியாது, போடா!"

"மில் ஸ்ட்ரைக் அப்போ தினமும் சூப் குடிச்சீங்களே, யார் காய்ச்சினது?"

"நீதான்."

"மார்லிஸ். நான் அண்டாவைத் தூக்கிட்டு வந்தேன், பேர் எனக்கு வந்துடுச்சு."

கிழவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சரி, அந்த ஓரமா நட்டுத் தொலை."

ஆர்லன் மண்டி போட்டு, மார்லிஸ் பேர் போட்ட அட்டையைப் புல்தரையில் அடித்து இறக்கினான். அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு அவள் பேர்தான்.

அவளைக் கண்டதும் ஆர்லன் அசடு வழிந்தான்.

"கேக்காம எடுத்துட்டேன். கோவிச்சுக்காதே."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா..."

"போன் பண்ணினா அன்னிக்கே டிவியில சொல்லிடுவாங்க. நான் உன் பக்கம் போயிட்டேன்னு அதுல கேட்டிருந்தா, இவங்க எனக்குக் கதவே திறந்திருக்க மாட்டாங்க, மார்லிஸ். போன் பண்ணியிருந்தா, உனக்கு என் ஓட்டு ஒண்ணுதான் கிடைச்சிருக்கும்."