பெயர் இருக்கட்டும்

"ஐயா, நாளைக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய வாளைத் தூக்கிட்டு வருவார். அது போலியா இருந்தாலும் அசல்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினாள் ஃபுசாயே.

ஜப்பானின் ஒகயாமாவில் வாள் தீட்டிப் புதுப்பிக்கும் இனாபா நெளிந்தார். "வாள் விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்லையேம்மா."

"ரிடையர் ஆனதுலேருந்து அவருக்கு வாள் பைத்தியம். இதைக் குழந்தை மாதிரி துடைச்சுத் துடைச்சு வெக்கறார். மனசு ஒடிஞ்சு போயிடுவார்."

மறுநாள் அவள் கணவர் தொகுஜி வாளோடு வந்தார். இனாபா கைப்பிடியைக் கழற்றி, உள்ளே வெட்டியிருந்த கொல்லரின் பெயரைப் பார்த்தார். பெரிய பெயர்தான். ஆனால் பழைய துருவின்மேல் புதிதாக வெட்டிய எழுத்து.

"இது வந்து... பெரிய கை செஞ்ச..."

"சிரமப்படாதீங்க. பேரு பொய்னு வீட்டுக்கு வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டேன்" என்று சிரித்தார் தொகுஜி.

இனாபாவுக்கு அப்பாடா என்றிருந்தது. "அப்ப அதை அராவி எடுத்துடறேன். வாள் நிஜமாவே பழசு. பொய்ப் பேர் போயிட்டா, பேர் இல்லாமலே சான்றிதழ் குடுப்பாங்க."

"ஐயையோ, அதுல கை வெச்சுடாதீங்க! அலகுல இருக்கற துருவை மட்டும் எடுங்க. அந்தப் பேரை நம்பி, என் பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்ததே என் பொண்டாட்டிதான். அவ கேட்டா அசல்னு சொல்லிடுங்க."

வாள் தயாரானதும் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள்.

"அசல்தான்" என்றார் இனாபா.

தொகுஜி வாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, ஃபுசாயே இனாபாவுக்குக் குனிந்து நன்றி சொன்னாள். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, தொகுஜி இனாபாவுக்கு அவளைவிடத் தாழக் குனிந்தார்.