கீழே வந்தவன்

தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்ற இசக்கிராஜை இறக்க ஏட்டு பொன்செல்விக்கு நான்கே நிமிடம் போதுமானதாக இருந்தது. அவன் அம்மாவின் பழைய போன் பேச்சுகளை அவள் தோளிலிருந்த குரல்பெட்டிக்குள் ஏற்றியிருந்தார்கள். இவள் முணுமுணுத்ததை அது அந்த அம்மாவின் குரலிலேயே பேசியது.

"கீழ வாய்யா ராசா. அம்மா இங்கனதான் நிக்கேன்."

அம்மா செத்ததைத் தாங்க முடியாமல்தான் அவன் மேலே ஏறியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் கைகுலுக்கினார், ஸ்டேஷனில் கேசரி கொடுத்தார்கள். பொன்செல்வி தன் தட்டை அப்படியே நகர்த்தி வைத்தாள்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தலை வாரி, திருநீறு பூசி, இசக்கிராஜ் ஸ்டேஷனுக்கு வந்தான். கையில் ஒரு புதுச் சேலை.

"அம்மா எங்க மேடம்?"

அவள் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். "தம்பி, அன்னிக்கு உங்களக் காப்பாத்தணும்னுதான்..."

"அம்மா செத்துட்டான்னு டாக்டர் சொல்லுதாரு. நான் நம்பல. போலீஸ் முன்னாடி வச்சுத்தான பேசுனா?" அவன் சேலையை மேசைமேல் வைத்தான். "இங்கன நிக்கேன்னு சொன்னாளே. நான் கீழ வந்துட்டம்லா?"

அவனுக்குச் சொல்ல உண்மை ஒன்றுதான் இருந்தது. பொன்செல்வியின் கையோ, அந்த அம்மாவின் குரல் இன்னும் அழிக்கப்படாமல் தோளிலிருந்த பெட்டிக்குப் போனது.