ஒரு வாய் வஞ்சிரம்

"இது வஞ்சிரமே இல்லண்ணே. இத்தினி நாளா இன்னா மீனைப் பொரிச்சுப் போட்டுக்கினு இருந்தீங்க?"

ராமசெல்வி ஜெல் படத்தை இக்னேஷியஸ் முகத்துக்கு நேராக நீட்டினாள். கல்லூரி கேன்டீன் நடத்தும் அந்த மனிதர் இடுப்புத் துண்டோடு ஆய்வகத்தின் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மீனின் டி.என்.ஏ. சோதனையில், வகைக்கு வகை கோடு விழும் இடம் மாறும். முதல் கோடு ராமசெல்வி வீட்டிலிருந்து கொண்டுவந்த வஞ்சிரத் துண்டுடையது. கேன்டீன் துண்டுகள் நான்கின் கோடுகளும் அதற்குக் கீழே விழுந்திருந்தன.

போன வாரம்தான் அவள் முதல்முறையாகக் கேன்டீனில் வஞ்சிர வறுவல் வாங்கினாள். ஒரு வாய் வைத்ததுமே துப்பிவிட்டாள். அவளுடைய அம்மா காசிமேட்டில் மீன் வெட்டுபவள். "வாராவாரம் எங்க வூட்ல வஞ்சிரம்தான். எனக்கா தெரியாது?" என்று ஊரைக் கூட்டியதும் அவள்தான்.

"முழு மீனா பாத்துத்தாம்மா வாங்குறேன். இந்தக் கோடெல்லாம் எனக்கு இன்னா தெரியும்?" என்றார் இக்னேஷியஸ்.

"அப்ப நேத்து போட்ட சிக்கன், காக்காவாண்ணே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். இக்னேஷியஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆய்வகப் பேராசிரியை நவ்ரீன் மேடம் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட் பிரின்சிபாலுக்குப் போனா அவருக்குக் கேன்டீன் போயிடும். எதிர்பாராத இடத்துல கோடு வந்தா முதல்ல நம்ம கையைத்தான் சந்தேகப்படணும். திரும்பப் போடு."

ராமசெல்வி ரசாயனங்களைப் புதிதாகக் கலந்தாள். புது ஜெல் ஊற்றினாள். வெறும் தண்ணீர் விட்ட குழியில் எந்தக் கோடும் இல்லை. வேறெதுவும் கலந்துவிடவில்லை என்று அர்த்தம். மற்ற கோடுகள் பழைய இடத்திலேயே விழுந்தன.

"பாத்தீங்களா மேடம்? எல்லாத்தையும் மாத்தியாச்சு."

"ஒண்ணை மட்டும் நீ மாத்தல" என்றார் மேடம்.

மறுநாள் மேடமே ஒரு மீன் துண்டு கொண்டுவந்தார். மீன்வள ஆய்வாளர் ஒருவர் தலை, வால், செதில் பார்த்து வஞ்சிரம் என்று உறுதிசெய்து வெட்டிக் கொடுத்தது. அதன் கோடு இக்னேஷியஸின் நான்கு கோடுகளோடு ஒரே நேராக விழுந்தது. தனியாக நின்றது ராமசெல்வியின் கோடு.

"உன்னோடது விலை குறைஞ்ச சீலாவா இருக்கும். துண்டு போட்டுட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்."

ராமசெல்விக்குக் காதெல்லாம் சுட்டது. மறுபடி வாசலில் வந்து நின்ற இக்னேஷியஸைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நான் போலாமா மேடம்? அடுப்புல எண்ணெ கீது" என்றார் இக்னேஷியஸ்.

அவர் போனதும் அவள் படிக்கட்டுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் கட்டை மேல் கத்தி விழுந்துகொண்டிருந்தது.

"யம்மா, வஞ்சிரம்னு சொல்லி எவனோ உங்கிட்ட சீலாவைத் தள்ளிக்கினு கீறான். எல்லார் முன்னாடியும் என் மானம் போச்சு. மீன் வெட்டுறவ தானே, உனக்குமா தெரியல?"

கத்திச் சத்தம் நின்றது.

"எவனும் ஏமாத்தலடி. சின்னதுல வஞ்சிரம் வேணும்னு அழுதே. அது வாங்கறவன் மீனு, வெட்டறது மட்டுந்தான் நம்மளுது. சீலாவைப் பொரிச்சு, இதாண்டி வஞ்சிரம்னேன். நீயும் தின்ன. அப்பால மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அம்மாவின் குரல் இன்னும் இறங்கியது.

"கேன்டீன்ல நெஜ வஞ்சிரம் தின்னியே, எப்பிடிக் கீது கண்ணு? நான் தின்னதில்ல."

அவள் வாயில் வைத்தது ஒரே ஒரு வாய்; அதையும் துப்பியிருந்தாள்.